அண்ணாவின் முகத்துக்கு ஒரு தாள்

அண்ணா, உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை. அண்ணா என்பதுதான் எனக்கு உன் பெயர். அண்ணா, கேள். உன்னுடைய முகத்தை நான்தான் அச்சடித்தேன். எப்படி அடித்தேன், எந்தத் தாளில் அடித்தேன் என்று சொல்கிறேன். வாசிக்கிறவர்களும் கேட்கட்டும்.

என் அண்ணனை இந்த வெளிநாட்டில், வெஸ்ட்கேட் கடைத்தொகுதியில் கார் விடுகிற இடத்தில் ஒருவன் அடித்துக் கொன்றான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கார் வெளியே போவதற்காக அண்ணா காத்துக்கொண்டு நின்றான். எதிர்ப்பக்கத்தால் வந்தவன் அந்த இடத்துக்குள் வாகனத்தைச் செருகினான். அண்ணா ஹோர்ன் அடித்தான். அவ்வளவுதான். அவன் இறங்கி, கார்ச் சில்லைக் கழற்றுகிற இரும்பை எடுத்துக்கொண்டு வந்தான். அண்ணாவும் இறங்கினான். முதல் அடி வாயில். அண்ணா விழுந்தான். விழுந்த பிறகும் விடவில்லை, முகத்தைத் தேடித் தேடி அடித்தான். சனம் சுற்றி நின்றது. யாரோ ஒருவன் அதை வீடியோ எடுத்தான். பொலிஸ் வந்து அடித்தவனைப் பிடித்துக்கொண்டு போனது, ஆனால் வீடியோவை யாராலும் பிடிக்க முடியவில்லை. அது ஒவ்வொரு போனாகப் போனது. இரும்பு எலும்பில் படுகிற சத்தம் அதில் தெளிவாகக் கேட்கும்.

பிரேதத்தை வைத்திருந்த மலர்ச்சாலையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் நல்லவள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நெற்றிவரைதான் தன்னால் சரிசெய்ய முடிந்தது என்றாள். அதற்குக் கீழே யாருக்கும் காட்ட வேண்டாம், துணியால் மூடிவிடுவோம் என்றாள். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா அழவில்லை.

"முகம் இல்லாட்டி நான் எங்க அரிசி போடுறது?" என்று கேட்டார்.

வாய்க்கரிசியைத்தான் கேட்டார். நெருப்புக்குக் கொடுக்க முதல் பெற்ற தாய் வாயில் அரிசி போட வேண்டும். எங்கள் அப்பாவுக்கு அது நடக்கவில்லை. வன்னியில் ஷெல் விழுந்த பங்கருக்குள் அப்பா இருந்தார். தோண்டியபோது எது அப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அப்போது சின்னப்பிள்ளை. அம்மா கையில் அரிசியோடு அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அந்த மனிசனுக்கும் போடேல்ல. இவனுக்கும் போடாம அனுப்பினா நான் என்ன தாய்?"

மூடுகிற துணியில் அண்ணாவின் முகத்தை அடித்துத் தருகிறேன், அதன் வாயில் போடுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அடுத்த நாள் காலையில் செத்தவீடு.

ரானுயியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் கராஜில்தான் எங்கள் சப்ளிமேஷன் வேலை, துணியில் படம் அச்சடிக்கிறது. அண்ணா பென்ரோஸில் ஒரு வேர்ஹவுஸில் வேலை முடித்து வருவான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான் வீட்டில் இருந்தேன். இரண்டு பேருமாக வீடியோ பார்த்து, துணிகளைக் கருக்கிக் கருக்கிப் பழகினோம். விளையாட்டுக் கழகங்களுக்கு ஜேர்சி, பிறந்தநாளுக்கு டீ சேர்ட், கோயில் திருவிழாவுக்குப் பதாகை. படத்தை முதலில் தாளில் அடிக்க வேண்டும். தாளைத் துணியின் மேல் கவிழ்த்து, ஹீட் பிரஸ்ஸில் வைத்து, சுடுகிற மூடியால் அமத்த வேண்டும். சூட்டில் மை ஆவியாகித் துணிக்குள் போய்விடும். பிறகு தோய்த்தாலும் போகாது.

சொல்லக் கேட்டால் சுகமான வேலை. எல்லாம் தாளில்தான் இருக்கிறது. எங்களிடம் மூன்று வகை இருந்தன. கப்புக்கும் தட்டுக்கும் போடுகிற தடித்த தாள் ஒன்று. சுருளாக மலிவுக்கு வாங்குகிற மெல்லிய தாள் ஒன்று, பதாகைக்கு அது காணும். மூன்றாவது ஒட்டுகிற தாள். சூடு பட்டவுடன் அதன் முன்பக்கம் லேசாகப் பிசுபிசுத்துத் துணியைப் பிடித்துக்கொள்ளும், மூடியைத் திறக்கும்போதும் அசையாது. இழுபடுகிற துணியில் முகம் அடிக்க அதைவிட்டால் வேறு இல்லை. அதில் சில தாள்கள்தான் மிஞ்சி இருந்தன.

படம் தேடினேன். வாயை மூடிக்கொண்டு இருக்கிற படம் அண்ணாவுக்கு ஒன்றே ஒன்றுதான், விசாவுக்கு எடுத்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, கள்ளனைப் பிடித்து வைத்த மாதிரி இருக்கு, வேண்டாம் என்றார். கடைசியில் கடற்கரையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படத்தை எடுத்தோம். முகத்தை மட்டும் வெட்டி, உண்மையான அளவுக்குப் பெருப்பித்தேன்.

அம்மா உள்ளே போய் அண்ணா கோயிலுக்குக் கட்டுகிற வேட்டியைக் கொண்டுவந்து, இதில் அடி என்றார். அது பருத்தி. பருத்திக்குள் இந்த மை போகாது, பொலியெஸ்டர் வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வேட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசியிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது? அடித்தேன். வெளிறிப்போய், தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு முகம் வந்தது. அம்மா ஈரக்கையால் அதைத் தடவினார். கன்னம் கலைந்துபோனது. அம்மா கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போய்விட்டார்.

ஜேர்சிக்கு வாங்கிய வெள்ளைத் துணியை விரித்தேன். ஒட்டுகிற தாளை வீணாக்கக் கூடாது என்று மெல்லிய தாளில் ஒருதரம் பரீட்சை பார்க்க நினைத்தேன். அந்த நினைப்பை நான் அடித்துக் கொல்ல வேண்டும். மூடியைத் தூக்கியபோது தாள் மூடியோடு ஒட்டி எழும்பி, கொஞ்சம் தள்ளித் திரும்பவும் விழுந்தது. மை கொதித்துக்கொண்டு இருந்ததால் விழுந்த இடத்திலும் படிந்துவிட்டது. உரித்துப் பார்த்தால் இரண்டு மூக்கு, இரண்டு வாய், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல். உதடு கிழிந்து பக்கத்துக்குப் போனது போல இருந்தது. மலர்ச்சாலையில் நான் பார்க்காமல் விட்டதை நானே என் கையால் செய்து வைத்திருந்தேன். துணியைக் கிழிக்கப் பார்த்தேன், கிழிபடவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அந்த முகத்தில் குத்தினேன். நிறுத்த முடியவில்லை. மேசையில் இப்போதும் அந்தப் பொத்தல்கள் இருக்கின்றன.

அப்போதுதான் அண்ணாவின் சிநேகிதன் வந்தான். மதுரைப் பக்கத்துப் பையன், அண்ணாவோடு ஒரே வேர்ஹவுஸில் வேலை. வெளியே நின்ற அவன் காருக்குள் கிரிக்கெட் மட்டைகள் தெரிந்தன. வந்து கராஜ் கதவை இழுத்து மூடினான். போனைக் காட்டினான். கொன்றவனின் படம், முகநூலில் இருந்து எடுத்தது.

"இந்த மூஞ்சிய போட்டுக் குடு தங்கச்சி. நம்ம பசங்க எல்லாருக்கும் ஒவ்வொரு சட்டை. போட்டுக்கிட்டு இவன் தம்பி வீட்டு வாசல்ல போய் நிக்கிறோம்."

"நிக்கிறதுக்கு என்னத்துக்குக் காருக்குள்ள கிரிக்கெட் மட்டை?" என்று கேட்டேன்.

"நீ பிரிண்ட் மட்டும் போடு. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. கொன்றவனுடைய தம்பி ஒன்றும் செய்யவில்லைத்தான். இருந்தாலும் அந்த வீட்டிலும் ஒரு தாய் அரிசியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று நினைத்தேன். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெருப்பித்தேன். மூக்கு நேராக இருந்தது. பல் எல்லாம் இருந்தன. அந்த முகத்தைப் பிரஸ்ஸுக்குள் வைத்து, தோல் ஒட்டி உரியும்வரைக்கும் அமத்த வேண்டும் போல என் கை துடித்தது. சிநேகிதன் பக்கத்தில் நின்று வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். ஒவ்வொரு அடிக்கும் தொடையில் குத்திக்கொண்டான்.

மெல்லிய தாளில் அடித்துத் தருகிறேன் என்றேன். அவன் குப்பைக்கூடைக்குள் கிடந்த துணியைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி வந்தால் எவனுக்கு அடையாளம் தெரியும், நல்ல தாளில் போடு என்றான். ஒட்டுகிற தாள் இருந்த பையை எடுத்தான். அது அம்மாவுக்கு என்று பறித்தேன். அவன் விடவில்லை. நான் மேசையில் கிடந்த, துணி அளக்கிற இரும்பு அடிமட்டத்தை எடுத்து அவனுடைய முகத்தில் அடித்தேன். உதடு பிளந்தது. அவன் திருப்பி அடித்தான். காதோடு சேர்ந்த அடி, என் வாய்க்குள் ரத்தம் கரித்தது. நான் மறுபடியும் அடித்தேன். பை கிழிந்து தாள்கள் நிலத்தில் பறந்தன, நாங்கள் அவற்றின் மேல் மிதித்துக்கொண்டு சண்டை பிடித்தோம். அவனுடைய தலைமயிரைப் பிடித்துப் பிரஸ்ஸின் பக்கமாக இழுத்தேன். அது சூடாகத்தான் இருந்தது. மூடி திறந்திருந்தது. அவன் கண்ணில் பயம் தெரிந்தபோதுதான் எனக்கு என்னைத் தெரிந்தது.

"அம்மாவுக்கு அண்ணாவின்ர முகம் வேணும்" என்று சொன்னேன். "உனக்கு என்னடா வேணும்?"

தலைமயிரை விட்டேன். அவன் நிலத்தில் குந்தியிருந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான்.

தாள்களைப் பொறுக்கினேன். மிதிபட்டது, மடிந்தது, ரத்தம் தெறித்தது. சுத்தமாக ஒன்றுதான் கிடைத்தது. ஆனால் எது முன்பக்கம் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் பார்க்க ஒரே வெள்ளை, தவறான பக்கத்தில் அடித்தால் அதுவும் போச்சு. விரலை எச்சிலில் நனைத்து மூலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒட்டுகிற பக்கம்தான் மை பிடிக்கிற பக்கம். என் எச்சில் முழுக்க ரத்தம். அவனுடையதும் அப்படித்தான். அவன் எழும்பிக் குழாயில் வாயைக் கொப்பளித்து, விரலை நனைத்துக்கொண்டு வந்து, படம் விழாத மூலையைத் தொட்டான். "இந்தப் பக்கம் ஒட்டுது" என்றான்.

கொன்றவனின் படத்தை மூடிவிட்டு அண்ணாவின் படத்தைத் திறந்தேன். கவிழ்த்தால் நேராக வர, இடம் வலம் மாற்றித் தாளில் அடித்தேன். இந்தத் தாளில் வருகிறபோது நிறம் எப்போதும் செத்துத்தான் இருக்கும், சாம்பல் பூசிய மாதிரி, சூட்டில்தான் உயிர் வரும். அவன் துணியை இழுத்து நேராகப் பிடித்தான். கவிழ்த்து வைத்து மூடியை அமத்தினேன். காத்து நிற்கும்போது என் மனதுக்குள் இன்னும் கொன்றவனின் முகம்தான் வெந்துகொண்டு இருந்தது. அது உடனே போகவில்லை. மூடியை மெதுவாகத் தூக்கினேன். தாள் துணியை விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தது. ஒரு மூலையில் இருந்து, சூடு ஆற முதல் ஒரே இழுவையில் உரித்தேன்.

அண்ணா இருந்தான். ஒரு மூக்கு, ஒரு வாய், எல்லாப் பல்லும்.

"டேய்," என்றான் சிநேகிதன் துணியைப் பார்த்து, வீங்கிய உதட்டோடு. "பல்லக் காட்டாதடா. நாளைக்கு எல்லாரும் பாப்பாங்க."

காலையில் மலர்ச்சாலையில் பெட்டியைத் திறந்து, அந்தப் பெண் துணியை அண்ணாவின் முகத்தில் விரித்தாள். சனம் பெருமூச்சு விட்டது. அம்மா அரிசியோடு வந்து, துணியில் இருந்த வாயில் போட்டார். அது நிற்கவில்லை. கீழே வாய் இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது, துணி சரிந்து அரிசி கழுத்துப் பக்கம் ஓடியது. அம்மா பொறுக்கி மறுபடியும் போட்டார். மறுபடியும் ஓடியது. ஐயர் போதும் அம்மா, நினைத்துப் போட்டால் காணும் என்றார்.

அம்மா கேட்கவில்லை. துணியைத் தூக்காமல், அரிசி இருந்த கையை அதற்குக் கீழே விட்டார். அந்தப் பெண் ஓடி வந்தாள், நான் அவளைத் தடுத்தேன். துணிக்குள் அம்மாவின் விரல்கள் நடப்பது தெரிந்தது. அண்ணாவின் சிரிப்பு மேலும் கீழும் அசைந்தது. உடைந்த எலும்புகளுக்குள்ளே அவர் தடவித் தடவித் தேடினார். சனத்துக்குள் யாரோ வெளியே ஓடினார்கள். பிறகு கை நின்றது.

"இஞ்ச கிடக்கு" என்றார் அம்மா. "என்ர பிள்ளையின்ர வாய் இஞ்சதான் கிடக்கு."

வெறுங்கையை வெளியே எடுத்தார். துணியைக் கன்னத்தோடு நீவிவிட்டார். அதன் பிறகுதான் அம்மா அழுதார்.

சிநேகிதன் அந்த வீட்டுக்கு இன்னும் போகவில்லை. போகமாட்டான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. என்னைப் பற்றியும் முடியாது. வழக்கு இனித்தான். கொன்றவனை நேரில் பார்க்கும்போது என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவு தூரம் வாசித்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் சிவனைக் கும்பிடுகிறவர்களோ, மாதாவைக் கும்பிடுகிறவர்களோ, அல்லாவைத் தொழுகிறவர்களோ, இன்றைக்குக் கை எடுக்கும்போது என் அண்ணனையும் ஒருதரம் நினையுங்கள். அவனுக்கு இப்போது எங்கேயும் வலிக்கக் கூடாது என்று எல்லோருமாகக் கேளுங்கள்.