பதினோரு பயோடேட்டாவும் விஜயராணியும்

மும்பை தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டில் தளவாய் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடையில் விஜயராணிக்கு ஒன்பது வருஷ சர்வீஸ். ஷட்டரைத் தூக்குவது, டோனர் மாற்றுவது, வேலை தேடி வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் பயோடேட்டா அடிப்பது எல்லாம் அவள்தான். அண்ணாச்சியின் வேலை நாற்காலி. அதை விட்டு அவர் எழுந்து, பக்கத்துக் கடையிலிருந்து நான் பார்த்தது இரண்டே தடவை. ஒன்று தேசிய கீதத்துக்கு, இன்னொன்று மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்ப.

ஆனால் அண்ணாச்சியிடம் ஒரு சரக்கு இருந்தது. கடும் உழைப்பைப் பற்றி வெள்ளைக்காரன் சொல்லிவைத்த மரபுத்தொடர்கள். கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு புத்தகத்தில் பிடித்தது. பயோடேட்டாவில் ஆளுக்கொன்றாகச் சேர்த்து, அது பிறந்த கதையையும் இன்டர்வியூவில் சொல்லச் சொல்லிக்கொடுப்பார்.

"நோஸ் டு த கிரைண்ட்ஸ்டோன்னா, அங்க சாணை பிடிக்கவன் கல்லு மேல குப்புறப் படுத்து, மூக்கு இடிக்கிற மாதிரி வேலை பாப்பானாம். முகத்தை எடுக்காம உழைக்கதுன்னு அர்த்தம். உம்ம மூக்குக்கு இது அமையும் வேய்."

ராத்திரியில் படித்தவனுக்கு 'மிட்நைட் ஆயில்': கரண்ட் வராத காலத்தில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றி ஊற்றிப் படித்த கதை. மூட்டை தூக்கியவனுக்கு 'ஷோல்டர் டு த வீல்': சேற்றில் மாட்டிய வண்டிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்த கதை. ஒரே கம்பெனிக்குப் போகும் இரண்டு பேருக்கு ஒரே தொடரைக் கொடுக்க மாட்டார். அது தொழில் தர்மம்.

போன மாதம் செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பதினோரு பேர் கடைக்கு வந்தார்கள். அண்ணாச்சிக்கோ அன்றைக்குக் கல்யாண் என்ற ஊரில் அந்த மச்சினன் வீட்டுக் காதுகுத்து.

"எல்லாத்துக்கும் 'எல்போ கிரீஸ்' போடு."

"பதினோரு பேருக்கும் ஒண்ணா அண்ணாச்சி? கேக்கவங்களுக்குத் தெரிஞ்சிராதா?"

"துடைக்க வேலைக்கு வேற எது பொருந்தும்? டென்ஷன் ஆகாத."

அண்ணாச்சி பதினோரு பேருக்கும் கதையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். விஜயராணி அடித்தாள். பன்னிரண்டாவதாகத் தன்னுடையதையும் அடித்தாள், அதே ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் வேலைக்கு. கிடைத்தால் பி.எஃப். உண்டு, வார லீவு உண்டு. ஒன்பது வருஷத்தில் இரண்டையும் அவள் கண்ணால் கண்டதில்லை. அண்ணாச்சியிடம் மூச்சு விடவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். அதனால் தெருவுக்கே தெரியும், அவரைத் தவிர.

இன்டர்வியூ எடுத்தவர் ஆஸ்பத்திரி அதிகாரி, மாட்டுங்காக்காரர் வைத்தீஸ்வரன். முதல் ஆள் கதை சொன்னார்: அந்தக் காலத்துப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவனை, முழங்கைக்குப் போடும் கிரீஸ் வாங்கி வரச் சொல்லிக் கடைக்கு அனுப்புவார்களாம். கடைக்காரன் சிரிப்பானாம். அப்படி ஒரு சாமானே கிடையாது, அழுத்தித் தேய்க்கிற கைப்பலம்தான் அது. வைத்தீஸ்வரன் ரசித்து டீ வரவழைத்தார். இரண்டாவது ஆளுக்கும் சிரித்தார். ஆறாவது ஆள் பட்டறைக்குள் நுழையும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். பதினோராவது ஆளுக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

பிறகு விஜயராணி.

"நீங்களும் கிரீஸ் வாங்கப் போறேளா?"

"இல்ல சார். என் பேப்பர்ல அது கிடையாது."

"பார்த்தேன். ஏன் இல்லே?"

"பதினோரு தடவை அடிச்சேன் சார். அதுக்கு மேல கை வரல."

"ஓ, அடிச்சது நீங்களா? சொல்லிக்கொடுத்தது யாரு?"

பெயரைச் சொன்னால் அண்ணாச்சி கடை நாறும். சொல்லாவிட்டால் வேலை போகும். விஜயராணி புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"எங்க முதலாளி சார். பேரு வேண்டாம்."

"சரி, கடையிலே உங்களுக்கு என்ன வேலை?"

ஷட்டரில் ஆரம்பித்துப் பூட்டு வரைக்கும் சொன்னாள். கொஞ்சம் நேரம் பிடித்தது.

"முதலாளிக்கு?"

"பேசுவாரு சார்."

வைத்தீஸ்வரன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இந்தப் பதினோரு பேரையும் திருப்பி அனுப்பிடட்டுமா?"

"கதையை விட்டுட்டு, கக்கூஸ் எப்படிக் கழுவுவேன்னு கேளுங்க சார். கழுவாத ஆளு அதுல யாரும் இல்ல."

கேட்டார். ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது. விஜயராணி சூப்பர்வைசர்.

"இதுக்கா உனக்கு ஒம்பது வருஷம் தொழில் சொல்லிக்கொடுத்தேன்?" என்றார் அண்ணாச்சி.

"நல்லாத்தான் சொல்லிக்கொடுத்தீங்க அண்ணாச்சி."

ஒன்றாம் தேதி அவள் போய்ச் சேர்ந்தாள். அண்ணாச்சி 'ஆள் தேவை' நோட்டீஸை இங்கிலீஷில் தானே அடிக்க உட்கார்ந்தார். பத்து மணிக்கு ஆரம்பித்தது, சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டு வார்த்தை வந்திருந்தது. செம்பூருக்குப் போன் போட்டார்.

"ஏ விஜயராணி, பெரிய எழுத்து வரணும்னா எதை அமுக்கணும்?"

"டியூட்டில இருக்கேன் அண்ணாச்சி. அஞ்சு மணிக்கு மேல கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.