அலாஸ்கா பாய்லர்

போன வாரம் மௌரி அவென்யூ சலவைக் கடைக்கு என்னுடைய ஒரே கோட்டை வாங்கப் போயிருந்தேன். உள்ளே யாரோ நீராவி இஸ்திரியை அழுத்தினார்கள். சூடான இரும்பும் ஈரக் கம்பளியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் டேலின் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

டேல் கம்பெனியில் எங்கள் டீம் லீட். தொண்ணூற்றேழு வாக்கில் நானும் குமரேசனும் சன்னிவேலில் ஒரே அறையில் இருந்தோம். குமரேசன் சத்தியமங்கலத்துக்காரன். சர்க்கரை ஆலை பாய்லர் ஹவுசில் நாலு வருஷம் வெந்துவிட்டு, கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்து விமானம் ஏறியவன். (அது யாரோ வாத்தியார் என்றே என் அப்பா நம்பினார்.) மீட்டிங்கில் 'யெஸ் டேல்' தவிர வாயே திறக்கமாட்டான்.

டேலுக்குப் பழைய நீராவி இயந்திரப் பைத்தியம். குன்றுகளுக்கு நடுவே கொட்டகை போட்டுச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றுக்கெல்லாம் ராஜா, அலாஸ்கா தங்க வயலிலிருந்து வந்த ஒரு பாய்லர். அங்கே மண் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்குமாம். இரும்புக் குழாய்களைச் சம்மட்டியால் அடித்து இறக்கி, நீராவி விட்டு இளக்கினால்தான் தோண்டவே முடியும். ஆவிக்கு நடுவே குழாயைப் பிடித்தபடி நிற்கும் பத்துப் பேரின் போட்டோ சுவரில் மாட்டியிருந்தது.

"தங்கத்து மேல நிக்கிறானுங்க, ஒருத்தன்கூட சிரிக்கல பாரு. அப்படியே எங்க மில்லு ஷிப்ட் மூஞ்சிடா" என்றான் குமரேசன்.

ஒரு சனிக்கிழமை டேல் பார்வையாளர்களுக்காக அதைப் பற்றவைத்தார். மடக்கு நாற்காலிகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். டேல் பாய்லருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தார். குமரேசன் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயையே பார்த்தான்.

"தண்ணியே தெரியலடா."

ஓடிப்போய் டேலிடம் ஆங்கிலத்தில் ஏதோ தடுமாறினான். டேல் திரும்பிப் பார்த்தார். சட்டென்று தண்ணீர் வால்வைத் திறக்கக் கை நீட்டினார்.

"டேய்! தண்ணிய விடாத! இரும்பு பழுத்துக் கிடக்கு, வெடிச்சிரும்டா!" என்று கத்தினான் குமரேசன்.

டேலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கை அப்படியே நின்றுவிட்டது. குமரேசன் மண்வெட்டியை எடுத்து ஈர மண்ணை வாரி வாரி நெருப்பின்மேல் போட்டான். "ஆளுங்கள வெளிய அனுப்புடா!" என்று எனக்கு உத்தரவு வேறு. எலுமிச்சை சாத டப்பாவோடு நான் ஏற்கெனவே பார்க்கிங் லாட்டில் இருந்தேன். அங்கிருந்தே கையை ஆட்டி எல்லாரையும் கூப்பிட்டேன். அதுதான் என் வீரம்.

அழுத்த முள் இறங்க வெகுநேரம் ஆனது. டேல் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் அவருடைய பேத்தி இருந்திருக்கிறாள்.

"சாப்பிடுங்க சார்" என்று குமரேசன் டப்பாவை நீட்டினான். மரியாதை திரும்பி வந்துவிட்டது. பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "எங்க மில்லுல மாரியப்பண்ணனும் இப்படித்தான்டா, பதறிப்போய்த் தண்ணிய திறந்துவிட்டாரு."

இரண்டு வருஷம் ஒரே அறையில் படுத்தும் எனக்கு அது தெரியாது.

திங்கட்கிழமை முதல் எந்தப் புரோகிராம் படுத்தாலும் டேல் முதலில் குமரேசனைத்தான் கேட்பார். அவனுக்குப் பாதி விளங்காது. அப்படியும் கேட்பார்.

இரண்டாயிரத்தொன்றில் கம்பெனி எங்கள் மூவரையும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியது. குமரேசன் வேறு வேலை தேடி ரவுண்ட் ராக் என்ற ஊருக்குப் போனான். டேல் நிலத்தை விற்றுவிட்டு, பாய்லரை வடக்கே யாருக்கோ லாரியில் ஏற்றி அனுப்பினார். அந்தக் குன்றைத் தேடி ஒருமுறை போனேன். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். நாயோடு நடந்துவந்த ஒரு பெண்ணிடம், இங்கே ஒரு கொட்டகை இருந்ததே என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இங்கயா? இங்க எப்பவுமே வீடுங்கதான்" என்றாள்.