முனுசாமி தோப்பின் மூலை மரம்

கோமதி மேடம் போய்விட்டார்.

காலையில் அவர் தங்கை போன் செய்தார். தூக்கத்திலேயே... கஷ்டப்படவில்லையாம். பல் துலக்கிக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷைப் பிடித்தபடியே அப்படியே நின்றுவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பதிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மாமர நோய்களைப் பார்க்கும் விஞ்ஞானியாக இருந்தவர். சொந்த ஊர் நகரி. தமிழில் ஒரு பிளாக் எழுதினார், கீழேயே இங்கிலீஷிலும் போடுவார். உங்களில் பாதிப் பேரை அதைப் படிக்கச் சொல்லி நச்சரித்தவன் நான்தான்!

எங்கள் பழக்கமே ஒரு நெட் சென்டரில் ஆரம்பித்தது. ஸ்டேஷன் ரோட்டில், பிளைவுட் தடுப்பு வைத்த கேபின்கள். மகள் அமெரிக்கா போன புதுசு, அவள் மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போவேன். பக்கத்துக் கேபினில் ஓர் அம்மா, திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். "சார், நீங்க வாத்தியாருதானே? இத கொஞ்சம் படிங்க. பிரேசில்லேர்ந்து ஒருத்தரு எனக்குப் பதில் போட்டுக்கிறாரு!"

அந்தச் சந்தோஷம் புரிய வேண்டுமென்றால் ஓர் உதாரணம் சொல்கிறேன். அவர் நிலையத்து லைப்ரரி என்பது ஒரு பீரோ. ஒரு கட்டுரை வேண்டுமென்றால், எழுதியவருக்கே போஸ்ட் கார்டு போட்டுக் கேட்க வேண்டும். பதில் வருவதற்குள் பூ உதிர்ந்து, காய் பழுத்து, சீசனே முடிந்திருக்கும். இப்போது? கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ரசம் வைத்து இறக்குவதற்குள் பதில்!

அவர் பிளாக்கில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பதிவின் அடியிலும் 'எனக்கு இன்னும் தெரியாதது' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே, அந்த விஷயத்தில் தனக்குப் புரியாததை எழுதுவார்.

மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. "தெலீதனி எவரைனா ராஸ்தாராம்மா?" என்று தெலுங்கில் கேட்டாராம். தெரியாது என்று யாராவது எழுதுவார்களா என்று.

"எழுதாட்டி எவன் சார் வந்து சொல்லுவான்?" இதை அவரிடம் சொன்னாரோ என்னவோ, என்னிடம் சொன்னார்.

பங்காருபாளையம் முனுசாமி விஷயத்தில் அதுதான் நடந்தது. முனுசாமிக்கு ஒரு மாந்தோப்பு. ஒரு வருஷம் பிஞ்சுகளின் நுனியெல்லாம் கறுத்துக் காய்ந்தன. மருந்து அடித்தார், மறுபடி அடித்தார். கேட்கவில்லை. தொற்றுநோய், நம் தோப்புக்கும் வந்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் மரங்களை வெட்டச் சொல்லிச் சண்டைக்கு வந்தார்கள். அவர் அப்பா நட்ட மரங்கள்.

மேடத்திடம் வந்தார். "திங்கக்கெழம ரம்பக்காரங்க வராங்க மேடம். எங்க நைனா வெச்ச மரம்... அதுக்குள்ள எதுனா சொல்லு."

மேடம் காய்களை அறுத்து லேபில் வைத்துப் பார்த்தார். பூஞ்சணம் எதுவும் வளரவில்லை. போட்டோ பிடித்துப் பிளாக்கில் போட்டு, அடியில் எழுதினார்: 'காரணம் எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை மரங்களை வெட்டப் போகிறார்கள்.'

சனிக்கிழமை நாங்கள் இருவரும் நெட் சென்டரில். பக்கத்துக் கேபினிலிருந்து மேடத்தின் கூச்சல். எல்லாத் தலைகளும் தடுப்புக்கு மேலே வந்துவிட்டன!

பீகாரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு விஞ்ஞானி இரண்டே வரி எழுதியிருந்தார். 'பக்கத்தில் செங்கல் சூளை உண்டா? புகை எந்தப் பக்கம் போகிறது?'

மேடம் அங்கிருந்தே முனுசாமிக்குப் போன் போட்டார்.

"தோப்புகிட்ட செங்கல் சூளை கீதா?"

"கீது மேடம். நம்ப நெலத்துலதான். பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேல பாக்கறான்ல, மாடி வூடு கட்டணும்ன்றான். கல்லு சல்லிசா வரும்னு ஓரத்துல சூளைக்கு எடம் உட்டேன்."

"ஐயோ நைனா! அந்தப் புகைதான்யா பிஞ்ச கருக்குது! தொத்துநோயே இல்ல. ரம்பத்த வர வேணாம்னு சொல்லு!"

சூளை இடம் மாறியது. அடுத்த சீசன் முனுசாமி ஒரு கூடை பெங்களூரா ரக மாங்காயோடு நெட் சென்டருக்கே வந்துவிட்டார். உப்பு, மிளகாய்த்தூளுடன் எல்லாக் கேபினுக்கும் துண்டு போனது. கீபோர்டெல்லாம் பிசுபிசு... ஓனர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் வாயிலும் மாங்காய்.

அதைப் பற்றிய பதிவின் அடியிலும் அந்தத் தலைப்பு உண்டு. 'சூளையை ஒட்டிய மூலையில் ஒரு மரம். மற்ற மரங்களை விட அதிகமாகப் புகை குடித்தது. அதில் ஒரு காய்கூடக் கறுக்கவில்லை. ஏன்?'

ரிட்டயர் ஆன பிறகும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். போன மாதம் பார்த்தபோதுகூட "அந்த மரம் சார்..." என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்.

இன்று காலை, படிக்கிறவர்களுக்குச் செய்தி சொல்லலாம் என்று பிளாக்கைத் திறந்தேன். அந்தப் பழைய பதிவின் கீழே, நேற்று வந்த ஒரு புதுக் கமெண்ட். யாரோ ஓர் ஆராய்ச்சி மாணவி. 'மேடம், அந்த மூலை மரம் இன்னும் இருக்கிறதா? நான் தேடுவது அது மாதிரி மரத்தைத்தான். இலையும் குச்சியும் கிடைக்குமா?'

எனக்கு வந்தது சந்தோஷமா, துக்கமா... உடனே மேடத்துக்குப் போன் போட நம்பரைத் தேடிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

முனுசாமியைக் கூப்பிட்டு, அந்த மாணவி கேட்டதைக் கேட்டேன்.

"கீது சார்! இப்போகூட பூ உட்டுக்கினு கீது. மேடம்கிட்ட சொல்லிட்டியா?"

சொன்னேன். மேடம் போய்விட்டதை.

"அந்தப் பொண்ண வரச் சொல்லு சார். நானே கூட்டிக்கினு போய்க் காட்டறேன்."

மேடம், கமெண்டுக்கு நானே பதில் போட்டுவிட்டேன். 'மரம் இருக்கிறது. வாங்க' என்று.

கோபித்துக்கொள்ளாதீர்கள். போய் வாருங்கள்.