மூன்றாவது சொம்பு

கோயிலில் பம்பை மேளச் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு மனசு அடங்கிவிடும். எனக்கு நேர் எதிர். முதல் அடி விழுந்ததுமே கால் ஓரிடத்தில் நிற்காது. ஒரே சத்தம் தாயை அமர்த்துகிறது, பிள்ளையை விரட்டுகிறது. இதில் எது பக்தி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன வருடம் அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு பழுது என்றார்கள். தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்தார். பெங்களூரில் ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. அம்மா மட்டும் மசியவில்லை.

"ஆத்தா உத்தரவு குடுக்கட்டும். அப்புறம் நீ எங்க கூப்புட்டாலும் வர்றேன் கண்ணு" என்றாள்.

ஆத்தா என்றால் பொம்மிடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலசாமி. உத்தரவு கேட்பது கிடாவிடம். அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம். மூன்று சொம்புக்கும் உதறாவிட்டால் இல்லை. யாரும் அதைத் தொடக் கூடாது, மூச்சுக்கூட அதன்மேல் படக் கூடாது. பெற்றவளின் உயிரைக் கொண்டுபோய் ஒரு கிடாவின் முதுகில் வைத்திருக்கிறோமே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அன்று கோயில் வாசலில் பூசாரி பம்பையை முழக்கி, சட்டென்று நிறுத்தினார். முதல் சொம்பு. கிடா தன் பாட்டுக்கு நின்றது. இரண்டாவது சொம்பு. காதைக்கூட ஆட்டவில்லை.

"பாவம், நடுங்குதுங்க, போதும்" என்றேன்.

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம். சும்மா நில்லு மாப்ள" என்றார் தாய்மாமன். நாலு பேர் சிரித்தார்கள். மறுபடி அமைதி.

பம்பையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அது நின்றபின் வந்த அந்த அமைதியைத்தான் பொறுக்க முடியவில்லை. கொஞ்ச தூரத்தில் தண்டவாளம். வேண்டாத நேரத்திலெல்லாம் கூவிக்கொண்டு போகிற ரயில் அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். முகத்தில் ஒரு கலக்கம் இல்லை. சாமி உத்தரவு தராவிட்டாலும் இதே முகத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள். அதுதான் எனக்குப் பயம்.

மூன்றாவது சொம்பைத் தூக்கியதும் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் கிடாவின் தலைப்பக்கம் நின்றிருந்தேன். மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிறவன் போலக் குனிந்து, அதன் காதுக்குள் ஊதினேன். ஒரே ஊது. கிடா கொம்பிலிருந்து வால்வரை உதறியது. என் சட்டையெல்லாம் மஞ்சள். "தாயே!" என்று கூட்டம் கத்தியது. பம்பை மறுபடி முழங்கியது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். "எதுக்குடா மூஞ்சிய தொங்கப் போட்டிருக்க? ஆத்தாவே சொல்லிட்டா." கதவு மூடியது.

அம்மா பிழைத்துவிட்டாள். இப்போது பக்கத்து அறையில் யாரிடமோ போனில் ஆத்தாவின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஊதியதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் அன்று அந்தக் கதவுக்கு வெளியே நான் பட்ட பாடு யாருக்கும் தெரியாது.

காத்திருக்கும் கூடத்தில் மெல்லிசாகப் புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது. மனசு அமைதிக்காம். எனக்கு நாற்காலி சுட்டது. நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். மணிக்கணக்காக ஒரு சேதியும் இல்லை. உள்ளே கிடப்பவள் சாமியை நம்பிப் போகவில்லை, என் ஒரு மூச்சை நம்பிப் போயிருக்கிறாள் என்று தோன்றியபோது உடம்பு வேர்த்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கைகூப்பினேன். தாயே, காப்பாத்து என்று கேட்க வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அந்த வாயால்தானே ஊதியிருந்தேன்.