பானையடியில் நான் செய்தது

குவித்த கையில் மண்பானைத் தண்ணீர் விழுந்து, முழங்கை வழியே சில்லென்று வடியும் அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் படித்த பள்ளியில் பிள்ளைகள் பானையைத் தொடக்கூடாது. வகுப்புத் தலைவனான 'சட்டாம்பிள்ளை'தான் செம்பில் மொண்டு ஊற்றுவான், மற்றவர்கள் குனிந்து கையேந்திக் குடிக்க வேண்டும். அந்த வருஷம் சட்டாம்பிள்ளை நான்.

ராஜபாளையத்திலிருந்து வந்து, மடவார் வளாகத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்த சுப்பையா, காலையில் மாமாவோடு மெத்தைக்குப் பஞ்சடித்துவிட்டு, தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, நேரே வகுப்புக்கு வருவான். அவன் குனியும்போதெல்லாம் நான் செம்பை உயர்த்தி, "ஏலே பஞ்சுமண்டை, நல்லா நனைலே, அப்பத்தான் மெத்தை கனக்கும்!" என்று பிடரியில் கொட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். முந்தின வருஷம் பெரிய பையன் ஒருவன் எனக்கும் இதையே செய்ததில், மூக்கில் தண்ணீர் ஏறித் திணறியிருக்கிறேன். அது எப்படியிருக்கும் என்று தெரிந்தேதான் செய்தேன். சிரித்தவர்களில் பாதிப்பேர் தங்கள் சட்டை நனையாமலிருக்கவே சிரித்தார்கள் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

சுப்பையா பானைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான். பங்குனி வெயிலில் ஒருநாள், வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான்.

"தண்ணி குடிச்சியாலே?" என்று வாத்தியார் பதறினார்.

அவன் என்னைப் பார்த்துவிட்டு, "தாகமே இல்ல சார்" என்றான்.

மறுநாள் அவன் வரவில்லை. கூட்டிவர வாத்தியார் என்னையே அனுப்பினார். "படிப்பு வேண்டாங்கான் தம்பி. ஏன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கான்" என்றார் மாமா. வெயிலில் வந்த என் முகத்தைப் பார்த்த சுப்பையா எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். பழக்கத்தில் கையைக் குவித்துக் குனிந்துவிட்டேன். குனிந்த பிறகுதான் பிடரி கூசியது. அவனோ செம்பை என் கைக்கருகே தாழ்த்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினான்.

"மெதுவாக் குடிலே, பொரையேறிரும்."

வாய்வரை வந்த மன்னிப்பைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுத் திரும்பிப்போய், "அவனுக்குப் படிக்க இஷ்டமில்லையாம் சார்" என்றேன். அதோடு அவன் படிப்பு முடிந்தது.

இப்போது பிள்ளைகள் தோளில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். பானையும் இல்லை, சட்டாம்பிள்ளையும் இல்லை, ஒருவன் குடிக்க இன்னொருவன் மனம்வைக்க வேண்டியதுமில்லை. பழையது எது போனாலும் வருந்துகிற வயதில், இது ஒழிந்ததே என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறேன். ஆனால் சுப்பையா தாழ்த்திப் பிடித்த அந்தச் செம்புக்குப் பிறகு, யார் ஊற்றியும் நான் கையேந்திக் குடித்ததில்லை.