கீழப் படித்துறைச் செருப்பு

சர்க்கரை அளவைப் பார்த்த மருத்துவர், நடங்கள் அல்லது நீந்துங்கள் என்றார். தஞ்சாவூரில் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருப்பவன் நாள் முழுக்க அண்டாவோடு நடக்கத்தான் செய்கிறான். அதனால் நீச்சல் என்றேன். உள்ளூரச் சிரிப்புதான். வாய்க்கால் கரையில் பிறந்தவனுக்கு நாற்பத்தாறு வயதில் நீச்சல் ஒரு வைத்தியமா? எனக்குப் படிப்பு சுமார், பாட்டு வராது. நீச்சல் தெரியும் என்ற ஒன்றைத்தான் கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நகரத்து நீச்சல் குளத்துக்குப் போனேன். ஐந்து பேர் கொண்ட ஒரு கூட்டம் தொப்பியும் கண்ணாடியுமாக நீந்திக்கொண்டிருந்தது. இதற்கெல்லாமா இவ்வளவு வேஷம் என்று நினைத்தபடி தொபுக்கடீரென்று குதித்தேன். தலையை வெளியே நீட்டிக்கொண்டு கையை மாற்றி மாற்றிப் போட்டேன். எவ்வளவு போட்டும் எதிர்ச்சுவர் வரவே இல்லை. பாதிக் குளத்தில் மூச்சு முட்டி, தடம் பிரிக்கும் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துத் தடத்தில் வந்த பெண்மணி நின்றார். பல் மருத்துவர். வேதாரண்யத்தில் கடலைப் பார்த்தே வளர்ந்தும், முப்பத்தெட்டு வயதில் இந்தக் குளத்தில்தான் நீந்தக் கற்றாராம்.

“எந்த ஊர் சார்?”

“வாய்க்கால் கரை ஊருங்க. சின்ன வயசிலேர்ந்தே நீந்துறேன்.”

“அதான் பார்த்தேன். அங்க நீங்க நீந்தல சார். தண்ணி உங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கு.”

சுருக்கென்றது. ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை. எங்கள் ஊரில் குளிக்கப் போகிறவன் முதலில் கீழப் படித்துறையில் செருப்பையும் துண்டையும் வைப்பான். வெறுங்காலோடு கரையில் மேற்கே நடந்து, மேலப் படித்துறையில் குதிப்பான். தண்ணீர் கிழக்கே ஓடும். பேருக்குக் கை போட்டால் போதும், செருப்பு கிடக்கும் இடம் வந்துவிடும். இன்னொரு முறை வேண்டுமென்றால் திரும்பவும் நடை. தண்ணீரிலேயே மேற்கே திரும்பியவர் ஊரில் ஒருவர்கூடக் கிடையாது. யாருக்கும் அப்படித் தோன்றியதும் இல்லை. ஊரில் குளம் உண்டு, ஆனால் அது மாடுகளுக்கு.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு வாரம், ஆளில்லாத மதிய நேரமாகப் பார்த்துத் தனியாகப் போனேன். தலையை உள்ளே விட்டதும் அண்டா, கரண்டி, கைப்பேசி எல்லாச் சத்தமும் அடங்கிவிடும். என் மூச்சு மட்டும் குமிழியாகக் காதோரம் ஓடும். அந்த அமைதி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் தனியாக இருந்தால் ஏமாற்றுவதற்கும் வசதி. பாதியில் கயிற்றைப் பிடித்தால் கேட்க நாதியில்லை.

மூன்றாவது வாரம் துணிந்து காலையில் போனேன். கூட்டம் என்னை நடுவில் போட்டுக்கொண்டது. முன்னால் பல் மருத்துவரின் கால், பின்னால் இன்னொருவரின் கை. நின்றால் இடிப்பார்கள். அந்தப் பயத்திலேயே எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டேன். ஐந்து பேரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் ஈரம். அன்றிலிருந்து தினமும் நீச்சல், சர்க்கரை போடாத டீ, டீக்கடையில் வாய் வலிக்கக் கேலி. ஒரு வருடத்தில் நிற்காமல் இருபது சுற்று வந்தது. சர்க்கரையும் இறங்கியது.

இருந்தாலும் அந்த முதல் நாள் பேச்சு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வாய்க்காலில் மேற்கே நீந்தினால்தான் எனக்கு நீச்சல் தெரியும் என்று நானே ஒப்புக்கொள்வதாக இருந்தேன்.

இந்த ஆடியில் தண்ணீர் வந்ததும் கூட்டத்தையும் மனைவியையும் ஊருக்கு அழைத்துப் போனேன். நெஞ்சளவுத் தண்ணீர், நல்ல ஓட்டம். ஊர் வழக்கப்படி எல்லோரும் கீழப் படித்துறையில் செருப்பை விட்டோம். மேலே நடந்து போய்க் குதித்தோம்.

“அய்யோ, இவ்ளோ சுலபமா!” என்று கத்திக்கொண்டே மிதந்து போனார் பல் மருத்துவர்.

கீழப் படித்துறையில் அவர்கள் ஏறினார்கள். நான் ஏறவில்லை. மேற்கே திரும்பினேன்.

நடு வழியில் கரையோரத் தென்னை ஒன்று என் பக்கத்திலேயே நின்றது. பத்துக் கை போட்டேன். அது நகரவில்லை. இன்னும் பத்து. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. விட்டுவிடலாமா என்று நினைத்தபோது கரையில் சத்தம் கேட்டது. ஆறு பேரும் வெறுங்காலோடு எனக்குச் சமமாக நடந்து வந்தார்கள்.

“நிக்காதீங்க! நிக்காதீங்க!” என் மனைவியின் குரல்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கேட்டது.

தென்னை மெல்லப் பின்னால் போனது. மேலப் படித்துறையின் பாசிப் படி கையில் தட்டியது.

மனைவி கை கொடுத்துத் தூக்கினாள். “இப்பச் சொல்லுங்க, நீச்சல் தெரியும்னு.”

இருபது வருடம் சொன்னதைச் சொல்ல அப்போது எனக்கு மூச்சில்லை. சந்தோஷத்தில் சிரிக்க மட்டும் முடிந்தது.

செருப்பு கீழப் படித்துறையில் கிடந்தது. எங்கள் ஊரில் குளித்து ஏறியவன் செருப்பைத் தேடி நடந்ததே இல்லை. கரை வெயிலில் சுட்டது. நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.