அருளப்பு அண்ணையின் நூதனசாலை

வியாழக்கிழமை வேலையில் இருந்தபோது அருளப்பு அண்ணையின் மனைவி றீற்றா அக்காவின் அழைப்பு வந்தது. "அண்ணை விடியக் கண்ணை மூடியிட்டார்" என்றார். அழவில்லை. "ஞாயிறு நூதனசாலை திறக்கும். சனம் வந்து ஏமாறக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்." அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

அருளப்பு அண்ணையை அறிந்தவர்களுக்கு அவருடைய கதை தெரியும். கனடா வரும் வழியில் ஏஜென்ட் கைவிட்டதால் இரண்டு ஆண்டுகள் பாங்கொக்கில் அகப்பட்டிருந்தவர். எங்களில் பலர் அங்கே அப்படிக் கிடந்தோம். பொலிசுக்குப் பயந்து அறைக்குள்ளேயே இருந்தோம், இன்றைக்கும் அந்த ஊரின் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். அவர் மட்டும் அங்கிருந்த ஓவியர்களின் பின்னால் திரிந்திருக்கிறார். அவர்களுடைய படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்துவிட்டு, கூலிக்குப் பதிலாகப் படங்களையே கேட்டு வாங்கியிருக்கிறார். இப்படியும் ஒரு மனிதரா என்று நான் இன்னும் வியக்கிறேன்.

கனடா வந்த பிறகு, மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் மாடியில், புடைவைக் கடைக்கு மேலே, அந்தப் படங்களை மாட்டி, 'தாய்லாந்துத் தற்கால ஓவிய நூதனசாலை' என்று பலகை வைத்தார். நான் அப்போது ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். "மியூசியம் எண்டால் பழசு வைக்கிற இடமல்லோ அண்ணை? உதுகளின்ரை பெயின்ற் இன்னும் காயேல்லையே" என்று பகிடி பண்ணினேன்.

"எங்கட சொல்லைப் பாரும். நூதனம் எண்டால் புதுசு. நாங்கள் சொல்லுறபடி செய்வம்" என்றார்.

சின்ன வயதிலிருந்து உடைந்த பானைகளுக்கும் பழைய நாணயங்களுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிவந்தவன் நான். அதன் பொருள் ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை.

பிரச்சினை பெரிய சுவரில் இருந்த படத்தால் வந்தது. சுவர் முழுவதும் ஒரே ஒரு காவித் துணி, கொடியில் தொங்குகிறது. ஊரில் சிங்கள அரசின் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். பிக்குவின் அங்கியை எங்கள் பிளாசாவில் மாட்டுவதா என்று கீழே இருந்த கடைக்காரர்கள் கொதித்தார்கள். கழற்றாவிட்டால் தமிழர் ஒருவரும் அந்தப் படி ஏறமாட்டார்கள் என்று கடிதம் தயாரானது. எழுதியவன் நான். பெயர் போடவில்லை. கொடுக்கப்போன நால்வரில் கடைசி ஆளாக நின்றேன்.

அண்ணை நின்றபடியே வாசித்தார். "கழட்டுறன்" என்றார். "ஆனால் ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் நிண்டு பாருங்கோ. அதுக்குப் பிறகும் சொன்னியளெண்டால் கழட்டுறன்."

றீற்றா அக்கா தேநீர் கொண்டுவந்தார். அண்ணை என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, படத்தின் கீழ் மூலையைக் காட்டினார். அங்கே, துணியின் அதே நிறத்தில், ஒரு குழந்தையின் ஐந்து விரல்கள் அதன் கரையை இறுக்கிப் பிடித்திருந்தன. தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் மடிப்பு.

"இந்தப் படத்தைக் கீறின பிள்ளைக்கு ஆறு வயசில தகப்பன் துறவியாப் போட்டார். விடமாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டிருக்கிறாள்."

எல்லாரையும்விடக் கூடச் சத்தம் போட்ட புடைவைக் கடை முதலாளிதான் கடைசியில் வாய் திறந்தார். "கொஞ்சம் கீழ இறக்கிப் பதிவா மாட்டுங்கோ அண்ணை. கை தெரியேல்லை."

அன்று பின்னேரமே ஐந்து பேருமாகச் சேர்ந்து இறக்கி மாட்டினோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் போனேன். கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில்தான் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அண்ணை. "உந்தக் கூட்டத்தில எழுத்துப்பிழை இல்லாமல் வேற ஆர் எழுதுறது? அதுதான் உம்மை முன்னுக்கு இழுத்தனான்."

வெட்கத்தில் குனிந்துகொண்டேன். இத்தனை வருடமும் தெரிந்துகொண்டே எனக்கு இருக்கக் கதிரை இழுத்துப் போட்டிருக்கிறார். பிழை பார்க்க மட்டும் பழகியிருந்த கண்ணுக்கு, கிட்டப் போய் நின்று பார்க்கும் பழக்கத்தை அவர்தான் தந்தார். அதை நான் வைத்துக்கொள்கிறேன். பார்க்காத ஒன்றைக் கழற்றச் சொல்லி இனி ஒரு வரியும் எழுதமாட்டேன். எழுதுவதற்கெல்லாம் என் பெயரைப் போடுவேன்.